வசந்தாக்கா செய்த ஒரே தவறு

செய்தி வந்தபோது நான் ஃப்ரீமான்ட்டில், வேலையிடத்துக் கார் நிறுத்தத்தில் இருந்தேன். காலை ஏழே கால் மணி. டிரேசி வீட்டிலிருந்து ஆல்டமான்ட் மேட்டைத் தாண்டித் தனியாக ஓட்டி வந்திருந்தேன். நான்கு மாதமாகவே தனியாகத்தான். வசந்தாக்காவின் மகள் நித்யா ஆங்கிலத்தில் இரண்டே வரி அனுப்பியிருந்தாள். அம்மா விடியற்காலையில் போய்விட்டார், கடைசியில் வலி இல்லை. படித்துவிட்டு உள்ளே போய், அன்றைக்கு அளக்க வேண்டியிருந்த வால்வுகளை அளந்து முடித்தேன். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்ச் சங்க மலருக்காக அவரைப் பற்றி எழுதச் சொன்னவர்கள், கோலப்போட்டியில் அவர் நடுவராக இருந்ததையும் கோயிலில் பிரசாதம் கட்டிக்கொடுத்ததையும் நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அதை எழுதப் பத்துப் பேர் இருக்கிறார்கள். உங்களில் சிலருக்கு அவர் துப்பாக்கி லாக்குகளைச் சோதித்துக் கொடுத்தார் என்பதும் தெரியும். அதில் அவர் ஒரு முறை தவறு செய்தார் என்ற கதையும் தெரியும். அந்தக் கதையைத் திருத்தத்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வசந்தாக்காவும் நானும் ஒரே கம்பெனியில், ஒரே அறையில் வேலை பார்த்தோம். வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களை அளந்து, சரியென்றால் உள்ளே விடுவோம், இல்லையென்றால் திருப்பி அனுப்புவோம். எனக்கு இது அமெரிக்கா வந்து கற்ற வேலை. அவருக்குக் கோயம்புத்தூரில் பம்ப் வார்ப்படத் தொழிற்சாலையிலிருந்தே இதுதான் வேலை. என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். ஒரு வாரம் என் கார், ஒரு வாரம் அவர் கார் என்று ஒன்பது வருடம் சேர்ந்து போய்வந்தோம். ஒருவருக்கொருவர் பேசித் தீர்த்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. பாதி நாள் இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் மலையைத் தாண்டியிருக்கிறோம்.

லாக் விவகாரம் அக்காவின் பக்கத்து வீட்டு டானிடமிருந்து வந்தது. டான் ஆய்வுக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இருநூறு வருடத்துக்கு முந்தைய மாதிரியில், சக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் துப்பாக்கிகளைச் செய்கிற கூட்டத்தில் ஒருவர். அந்தத் துப்பாக்கிக்குப் பக்கவாட்டில் ஒரு இயந்திரம் உண்டு. அதைத்தான் லாக் என்கிறார்கள். கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தி ஒன்று பாய்ந்து எஃகுத் தகட்டில் உரசும்; பொறி பறந்து கீழேயுள்ள கிண்ணத்து வெடிமருந்தில் விழும். இதை யாரோ ஒருவர் செய்து விற்பார். வாங்குகிறவர் தன் மரக்கட்டையில் அதன் அளவுக்கு அச்சாகக் குடைந்து பதிப்பார். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று டான் புது லாக்கைப் பெருமையாகக் காட்டியிருக்கிறார். அக்கா அதைக் கையில் வாங்கி, சுத்தியை விரலால் அசைத்துப் பார்த்து, அதன் தண்டு ஓட்டையில் ஆடுகிறது என்றாராம். டான் இல்லையென்றார். அளந்து பார்த்தார்கள். ஆடியது.

அதற்கப்புறம் டானின் நண்பர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மாதம் இரண்டு லாக்காவது அவர் கராஜ் மேசையில் இருக்கும். அவர் ஒரு தடவைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. சுடுவதைப் பார்க்கக் கூப்பிட்டும் போனதில்லை. "துப்பாக்கி எனக்கு எதுக்கு ராஜி? லாக் நல்லா இருக்குதான்னு பாக்கோணும், அவ்ளோதான்" என்பார். வருகிறவர்களிடம் அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மரத்தில் உளி வைப்பதற்கு முன் கொண்டுவர வேண்டும். "உளி பட்டுருச்சுன்னா செஞ்சவரு ரிட்டர்ன் எடுத்துக்க மாட்டாரு. இவங்களுக்கும் கட்டையத் தூக்கிப் போட மனசு வராது. அப்பறம் நான் என்ன குறை சொன்னாலும், பரவால்லைன்னு சொல்லச் சொல்லித்தான் என் மூஞ்சியப் பாப்பாங்க."

அவர் பார்க்கும் விதத்தை நான் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் எல்லாத் திருகையும் கழற்றிப் பாகங்களைக் கழுவி, வெள்ளைத் துணியில் பரப்புவார். எஃகுத் தகட்டின் ஓரத்தில் அரத்தை ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். அரம் வழுக்க வேண்டும். கடித்தால் தகடு மெது, பொறி வராது. கிண்ணத்துக்கும் அதன் மூடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்ப்பார். வார்ப்பில் ஊசித்துளை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுவார். பிறகு ஒவ்வொரு பாகமாகத் திரும்பக் கோத்து, ஒவ்வொரு திருகை இறுக்கும்போதும் எது பிடிக்கிறது, எது உரசுகிறது என்று கவனிப்பார். கடைசியாக அரை நிலை. சுத்தியைப் பாதி இழுத்தால் உள்ளேயுள்ள வட்டில் வெட்டியிருக்கும் ஆழமான பள்ளத்தில் கொக்கி உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் விசையை எவ்வளவு அழுத்தினாலும் அது விடக்கூடாது. கிண்ணத்தில் மருந்து போடுகிறவனின் கையும் முகமும் அந்த நேரத்தில் பக்கத்திலேயே இருக்கும். அது நழுவினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் சரியாக இருந்தாலும் அன்றைக்குக் கையெழுத்துப் போடமாட்டார். மறுபடி கழற்றித் துணியில் பரப்பிவிடுவார். மறுநாள் கோத்து இரண்டாம் முறை பார்த்துத்தான் தாளில் சரி என்று எழுதுவார். கம்பெனியில் எங்களுக்கு இந்த வசதி கிடையாது. கராஜில் அவரே ராஜா என்பதால் நடந்தது.

ஒரு வருடம் ஆயுத பூஜையைச் சனிக்கிழமைக்குத் தள்ளி அவர் வீட்டில் வைத்திருந்தோம். இங்கே பண்டிகைகள் எல்லாம் வார இறுதிக்கு வந்து சேர்வதுதானே வழக்கம். கராஜ் மேசையில் அவருடைய அளவுகோல்கள், அரம், திருப்புளி, என் மடிக்கணினி, என் கணவர் முரளியின் துளையிடும் மிஷின், எல்லாவற்றையும் வைத்திருந்தார். அவர் வடைக்கு எண்ணெய் வைக்க உள்ளே போனபோது, "நீ பொட்டு வெச்சுரு ராஜி" என்று சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். மேசை ஓரத்தில் வெள்ளைத் துணி. அதில் டானின் நண்பர் ஒருவருடைய லாக், முதல் நாள் சோதனை முடிந்து, கழற்றிய நிலையில் கிடந்தது. அவர் அதற்கும் வைக்கச் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு துண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அந்த வட்டுக்கும் வைத்தேன். தாராளமாகவே வைத்தேன்.

ஞாயிறு மதியம் அவர் மேற்பரப்பிலிருந்த பொட்டுகளைத் துடைத்துவிட்டு லாக்கைக் கோத்திருக்கிறார். வட்டின் பள்ளத்தில் சந்தனம் எண்ணெயோடு குழைந்து இரும்பின் நிறத்துக்கு வந்து, காய்ந்து உட்கார்ந்திருந்தது. கோத்தபின் அந்த இடம் மேல்தகட்டுக்கு அடியில் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை உறுதியாக நின்ற அரை நிலை ஞாயிற்றுக்கிழமை நழுவியது. முந்தாநாள் நின்றது இன்று நிற்கவில்லையென்றால் பள்ளத்தின் விளிம்பு நொறுங்குகிறது, இரும்பு மெது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரும் அப்படித்தான் நினைத்து, ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

லாக் செய்தவர் வேறு மாநிலத்தில் தனியாளாகப் பட்டறை வைத்திருக்கும் கிழவர். ஒரு வருடம் காத்திருந்துதான் அவரிடம் வாங்க முடியும். மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து டானின் நண்பருக்கு ஒரு கடிதம் வந்தது, அது அக்கா கைக்கு வந்தது. ஆல்டமான்ட்டில் டிராஃபிக் நின்றிருந்த ஒரு காலையில், நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் அதைப் படித்துக் காட்டினார். லாக்கில் குறை எதுவும் இல்லை. அரை நிலைப் பள்ளத்தில் களிமண் போல ஏதோ காய்ந்திருந்தது. சுரண்டி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நல்ல வாசனையாக இருக்கிறது. என்னவென்று தெரிந்தால் எழுதவும்.

அக்கா ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாரு."

"சந்தனம் மாதிரி இருக்கு" என்றேன்.

"மாதிரி என்ன மாதிரி. சந்தனமேதான்." பையை மூடினார். "ஒரு நல்ல மனுசன் செஞ்ச நல்ல சாமான, இரும்பு மட்டம்னு எழுதி அனுப்பிச்சிருக்கேன் பாரு."

நான் முன்னாலிருந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். அக்கா, அதை வைத்தது நான் என்று நாலு வார்த்தை. டிராஃபிக் நகர்ந்தது, நானும் காரை நகர்த்தினேன். அதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அன்று மாலையே அவர் கிழவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். டானின் கூட்டத்துக்கும் மெயில் அனுப்பினார். லாக் நல்ல லாக், பூஜைக்குப் பிறகு திரும்பக் கழுவாமல் கோத்தேன், தவறு என்னுடையது. என் பெயர் அதில் இல்லை. அந்த அமெரிக்கர்கள் கெட்டவர்கள் இல்லை. சிரித்தார்கள், அவருக்குச் செல்லமாக 'சாண்டல்வுட்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் லாக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். கராஜ் மேசையில் பேப்பர் டவல் கட்டுகள் ஏறின. சனிக்கிழமைகளில் அக்கா அந்த மேசையைத் துடைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்ததை நான் இரண்டு முறை பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் முரளிக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. டான் பற்றவைத்ததுதான். அதே கிழவரிடம் சொல்லி வைத்துப் பதினான்கு மாதம் காத்திருந்தார். லாக் வந்த அன்றே மரத்தில் பென்சில் கோடு போட்டுவிட்டார். உளியைத் தீட்டி வைத்தார். நான்தான் பிடிவாதமாக முதலில் அக்காவிடம் கொண்டுபோக வைத்தேன். அவருடைய மேசையில் மறுபடி ஒரு லாக் இருக்கட்டும் என்பதுதான் என் கணக்கு. லாக்கில் குறை இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

வழக்கம்போல முதல் நாள் பார்த்தார். இரண்டாம் நாள் பார்த்தார். மூன்றாம் நாளும் கழுவிப் பார்த்தார், அதற்கு முன் அவர் அப்படிச் செய்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் டானையும் கூப்பிட்டார். அரை நிலையில் வைத்து விசையை அழுத்திக் காட்டினார். நின்றது. பத்துத் தடவை நின்றது. பதினொன்றிலும் நின்றது. இருபதை நெருங்கும்போது ஒரு தடவை சுத்தி சடக்கென்று விழுந்தது.

"ரிஜெக்ட்" என்றார்.

முரளிக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா, நல்லாப் பாத்தீங்களா? போன தடவை மாதிரி உள்ள ஏதாச்சும் சந்தனம் கிந்தனம்..." என்று சிரிக்கப் பார்த்தார்.

"மூணு வாட்டி கழுவியிருக்கேன் தம்பி."

"ஒரே ஒரு தடவைதானே விழுந்துச்சு. நான் கேர்ஃபுல்லா ஹேண்டில் பண்ணிக்கிறேன். மறுபடி அனுப்பினா இன்னொரு வருஷம் வெயிட் பண்ணணும்."

டானும் தயங்கினார். அதே கிழவரிடம் இரண்டாம் முறையும் குறை சொல்லி அனுப்புவதா, இன்னும் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாமே என்று ஆங்கிலத்தில் மென்மையாகச் சொன்னார். அக்காவின் கை மேசைத்துணியின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தது. சரியென்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. தவறென்று சொல்லி, அது மறுபடி தவறாகப் போனால் அவருக்கு அந்த மேசையே கிடையாது. அவர் அதைத்தான் யோசிக்கிறார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"நான் போன தடவ தப்புப் பண்ணுனேன்கறதுக்காக, இந்தத் தடவ கண்ண மூடிக்கோணுமா?" என்றார் என்னிடம். முரளியிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். பிறகு தாளை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முரளி, "இது என்னோட லாக். நான் மரத்துல போட்டுக்கறேன்" என்று கையை நீட்டினார். போன தடவைத் தவறு அவருடையதல்ல, என்னுடையது என்று நான் அந்த இடத்தில் சொல்லியிருந்தால், முரளி அக்காவின் வார்த்தையை நம்பியிருப்பார். அதைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. லாக்கை எடுத்து என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். "நாளைக்கு நான் போஸ்ட் பண்றேன்" என்றேன். முரளி என்னோடு நான்கு நாள் பேசவில்லை.

கிழவர் ஐந்து வாரத்தில் பதில் எழுதினார். வட்டின் பள்ளத்துக்கு அடியில் வார்ப்பிலேயே ஒரு ஊசித்துளை இருந்திருக்கிறது. வெளியில் தெரியாத துளை. அதன்மேல் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்துகொண்டே போயிருக்கிறது. வட்டை மாற்றி, மறு வரிசையில் நிற்க வைக்காமல் உடனே அனுப்பியிருந்தார். அந்த அம்மாவுக்கு என் வணக்கம் என்று கடைசி வரி. முரளி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குத் தனியாகப் போய்வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்கு இரண்டு பேரும் சொல்லவில்லை. அந்தத் துப்பாக்கி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. முரளிக்குப் பத்து விரலும் இருக்கின்றன.

அடுத்த வாரமே மேசைக்கு லாக்குகள் திரும்பி வந்தன. 'சாண்டல்வுட்' என்ற பெயர் மட்டும் போகவில்லை. அது என்னை அரித்துக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குத் திரும்பும் வழியில், காற்றாலைகள் தெரியத் தொடங்கும் இடத்தில் ஒருவழியாக ஆரம்பித்தேன். "அக்கா, அந்தச் சந்தனம்..."

"நீ வெச்சது. தெரியும்" என்றார். அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கிண்ணத்தக் கையில குடுத்தவளே நான்தான். தெரியாமலா இருக்கும்?"

"டான்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா. எல்லாரும் உங்கள..."

"சைன் பண்ணுனது யாரு? தொடச்சுட்டுப் பாக்க வேண்டியது யாரு வேலை? நீ சாமிக்குப் பொட்டு வெச்சே. அதுல என்ன தப்பு?" முன்னால் போன லாரியைத் தாண்டிவிட்டு, "இத எவங்கிட்டயும் போயி சொல்லிட்டு இருக்காதே. கேக்கறவங்களுக்கு நான் பழிய உம்மேல போடறாப்பல இருக்கும்" என்றார். பால் வாங்க வேண்டும் என்று ஞாபகப்படுத்தினார்.

கணையத்தில் நோய் என்று தெரிந்தபின் அவர் நான்கு மாதம் இருந்தார். வாரா வாரம் போய்ப் பார்த்தேன். அந்த நாட்களில் அவர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. மருந்துப் பெட்டியில் நித்யா மாத்திரைகளை அடுக்கியது சரியாக இருக்கிறதா என்று மட்டும் தினமும் இரண்டு தடவை பார்த்தார். ஒரு முறை அவள் வியாழக்கிழமைக் கட்டத்தில் ஒரு மாத்திரை குறைவாகப் போட்டிருந்ததைக் கண்டுபிடித்து, அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகு சங்கக் கூடத்தில் நடந்த கூட்டத்துக்கு டானும் நண்பர்கள் ஆறேழு பேரும் கோட்டுப் போட்டு வந்திருந்தார்கள். டான் பேசினார். பன்னிரண்டு வருடம், இத்தனை லாக்குகள், வசந்தா செய்தது ஒரே ஒரு தவறு, அதுவும் வாசனையான தவறு என்றார். கூடமே சிரித்தது. நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். முரளி சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, எனக்கே என்னைப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

யாரிடமும் சொல்லாதே என்று அக்கா சொன்னதை அவர் இருக்கும்வரை கேட்டேன். கேட்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. முரளியே இதை இந்த மலரில்தான் முதன்முதலாகப் படிக்கப் போகிறார். டானுக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அதற்குள் நானே அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன் என்று நம்புகிறேன்.

அம்மாவின் சாமான்களில் உங்களுக்கு என்ன வேண்டும் ஆன்ட்டி என்று நித்யா கேட்டாள். லென்ஸையும் அரத்தையும் டானுக்குக் கொடுக்கச் சொன்னேன், அவருக்கு அவை உபயோகப்படும். எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்த ஒரு தவறை மட்டும்தான். அது என்னுடையது. அதையும் கழித்துவிட்டால் வசந்தாக்காவின் பெயரில் தவறென்று ஒன்றுமே இல்லை.